எட்டாயிரம் கண்ணும் ஓர் எருமையும்

ஓலக்காட்டுவலசுக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எல்லோருக்கும் இருந்தது. நல்ல பொருளை அன்றாடம் எடுத்துப் புழங்கினால் தேய்ந்துவிடும் என்று பத்திரமாக வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். தாராபுரத்துக்குத் தெற்கே, நிற்பதா வேண்டாமா என்று பஸ் யோசித்து முடிப்பதற்குள் தாண்டிவிடும் ஊர் அது.

அந்த ஊர்ச் சென்னியப்பனுக்கு ஒரு கஷ்டம் வந்தது. அவன் பெண்டாட்டி மயிலாத்தாள் கோபித்துக்கொண்டு மூலனூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். காரணம் கிரைண்டர். மாவாட்டும்போது அது கிறீச் கிறீச் என்று கத்தியது. "அதுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போனாள். சென்னியப்பன் சொன்ன சொல் தட்டாதவன். எந்த எண்ணெய் என்று அவள் சொல்லாததால் நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் எடுத்து மோட்டார் மூழ்கும்வரை விட்டான். எண்ணெய் வைத்தால் குளிக்கவும் வேண்டுமே என்று சீயக்காய் போட்டுத் தேய்த்து, வெந்நீரும் ஊற்றினான். பிறகு சுவிட்சைப் போட்டான். அன்று தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

மயிலாத்தாள் பையைத் தூக்கிக்கொண்டாள். "புதுக் கிரைண்டர் என்னைக்கு இந்த வீட்டுக்குள்ள வருதோ, அன்னைக்கு நானும் வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

அவள் போன பிறகு சென்னியப்பனுக்கு வீடு வீடாகவே இல்லை. பழக்க தோஷத்தில் இரண்டு தட்டு வைப்பான். தன் தட்டைச் சாப்பிட்டுவிட்டு, அவள் தட்டைப் பார்த்துக் கண் கலங்குவான். பிறகு அதையும் சாப்பிடுவான். இப்படியே இருபது நாளில் துக்கத்தால் நாலு கிலோ ஏறிவிட்டான்.

இந்த நேரத்தில்தான் தாராபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச வகுப்பு நடந்தது. வீட்டிலிருந்தபடியே வலைப்பூ எழுதி, அதை பேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பரப்பி, காசு சம்பாதிப்பது எப்படி என்பது பாடம். சென்னியப்பன் கூட்டாளிகள் மூன்று பேரோடு போனான். முதலாமவர் காளியண்ணன். அறுபது வயது. எதைக் கேட்டாலும் உடனே பதில் சொல்லாமல் வெற்றிலையை மென்றுகொண்டிருப்பார் என்பதால் ஊரில் அவர்தான் அறிவாளி. இரண்டாவது அத்தப்பன், அவனிடம் நல்ல போன் இருந்தது. மூன்றாவது பொங்கியண்ணன், அவனிடம் ஓர் எருமை இருந்தது.

பாடம் எடுத்த வாத்தியார் கண்ணாடி போட்ட இளைஞர். பொறுமையாகச் சொன்னார். "உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சதை மட்டும் எழுதுங்க. சின்னதா எழுதுங்க. தினமும் ஒரே நேரத்துக்குப் போடுங்க. போட்டோ இல்லாமப் போடாதீங்க. கடைசியில ஒரு கேள்வி கேளுங்க, அப்பத்தான் படிக்கிறவங்க பதில் எழுதுவாங்க. எத்தனை பேர் பாக்கறாங்களோ அத்தனைக்குக் காசு. முக்கியமா ஒண்ணு. உங்க பக்கத்துல வர்ற விளம்பரத்துல நீங்களே கை வெச்சுடாதீங்க. வெச்சா எல்லாம் போச்சு."

நால்வரும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார்கள். மண்டபத்திலேயே அதிகம் தலையாட்டியவர்கள் அவர்கள்தான். வாத்தியாருக்கு அவர்களை ரொம்பப் பிடித்துப்போய், தன் போன் நம்பரைக் கொடுத்து, வலைப்பூவையும் தானே தொடங்கிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்ததும் பொங்கியண்ணன் தொழுவத்தில் கூடினார்கள். தங்களுக்கு நல்லாத் தெரிந்தது என்ன என்பது முதல் கேள்வி.

"எனக்கு வெவசாயம் தெரியும்" என்றான் அத்தப்பன்.

"போன வருசம் வெங்காயத்தைத் தலைகீழா நட்டது நீதான" என்றான் பொங்கியண்ணன்.

"ஊர் வரலாறு எழுதலாமுங்களா?" என்றான் சென்னியப்பன்.

"நேத்து நடந்ததுலயே நமக்குள்ள ரெண்டு கருத்து இருக்குது, அப்புனு" என்றார் காளியண்ணன்.

பொழுது சாயும்வரை யோசித்தார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பொங்கியண்ணன் எருமை படுத்திருந்தது. நால்வரும் சுற்றி வந்து பார்த்தார்கள். சந்தேகத்துக்கே இடமில்லை.

அடுத்து கை வைக்கக்கூடாத பிரச்சினை. விளம்பரம் எந்த மூலையில் வரும் என்று யாருக்குத் தெரியும்? போனில் கையே படாமல் இருப்பதுதான் பத்திரம் என்று முடிவானது. குச்சியால் தொட்டார்கள், போன் அசையவில்லை. கரண்டியால் தொட்டார்கள், கீறல்தான் விழுந்தது. கடைசியில் பொங்கியண்ணன் பறித்து வைத்திருந்த வெண்டைக்காய்க்கு அது கீழ்ப்படிந்தது. அன்றிலிருந்து அந்த வலைப்பூ முழுக்க வெண்டைக்காயால் எழுதப்பட்டது. பிஞ்சாக இருந்தால் எழுத்துப் பிழை குறைவாக இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் பதிவு வந்தது. "இன்று எருமை படுத்திருந்தது. உங்கள் வீட்டில் என்ன குழம்பு?" கூடவே படம். அதைத் தெரிந்த குழுவுக்கெல்லாம் அனுப்பினார்கள். பால் சொசைட்டி குழு, மூலனூர்ச் சம்பந்தி வீட்டுக் குழு, யாருடையது என்றே தெரியாத ஒரு வளைகாப்புக் குழு.

பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். இரண்டாம் நாள், "இன்றும் எருமை படுத்திருந்தது. உங்கள் வீட்டில் என்ன குழம்பு?" நாற்பது பேர். மூன்றாம் நாள் எருமை எழுந்து நின்றுவிட்டது. பெரிய செய்தி. முந்நூறு பேர் பார்த்தார்கள். சிங்கப்பூரிலிருந்து துரைக்கண்ணு என்றொருவர் பதில் எழுதினார். "எங்கள் வீட்டில் வத்தக்குழம்பு."

உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ எழுதுகிறார்கள். ஆனால் காலையில் எழுந்ததும் ஓர் எருமை படுத்திருக்கிறது என்ற உண்மையைப் படிப்பதில் ஜனங்களுக்கு ஏதோ நிம்மதி இருந்திருக்க வேண்டும். ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். பத்தாம் நாள் பார்த்தவர்கள் நாலாயிரம். சிங்கப்பூர்க்காரர் பத்தாம் நாளும் வத்தக்குழம்பு என்றே எழுதியிருந்தார். நால்வருக்கும் அவர் உடம்பைப் பற்றிக் கவலையாக இருந்தது.

சென்னியப்பனுக்குக் கிரைண்டர் கண்ணில் தெரிய ஆரம்பித்தது. கிரைண்டருக்குப் பின்னால் மயிலாத்தாளும் தெரிந்தாள். அன்று சந்தோஷத்தில் ஒரே தட்டில் சாப்பிட்டான்.

அன்று சாயங்காலமே இடி விழுந்தது. மூன்று லிட்டர் கறக்கும் எருமை ஒன்றரை லிட்டர்தான் கறந்தது. படம் எடுக்க வாகாக நாள் முழுக்க வெயிலில் கட்டியிருந்ததும், தண்ணீர் காட்ட நாலு பேரில் ஒருவருக்கும் ஞாபகம் வராததும் காரணமாக இருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் மூளை ஏற்கெனவே தேய்ந்த மூளை. அவர்கள் அப்படி அவசரப்படவில்லை. காளியண்ணன் இரண்டு வெற்றிலை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"கண்ணு பட்டிருச்சு."

கல்லடி பட்டாலும் படலாம், கண்ணடி படக்கூடாது என்பார்கள்.

"நாலாயிரம் பேருன்னா எட்டாயிரம் கண்ணுங்ணா" என்றான் அத்தப்பன்.

"கண்ணாடி போட்டவங்களுக்கு நாலு" என்றான் பொங்கியண்ணன்.

"ஒரு கண்ணுல மருந்து விட்டுக்கிட்டு மறு கண்ணுல பாத்தவங்க இருப்பாங்களே?" என்றான் சென்னியப்பன்.

காளியண்ணன் கையமர்த்தினார். "அதுக்கும் இதுக்கும் நேராப் போயிரும். எட்டாயிரம்னே வெச்சுக்குவோம். ஒருத்தி ஒரு கண்ணால பாத்தாலே பச்சைப்புள்ளை மூணு நாளைக்குப் பால் குடிக்காது. எட்டாயிரம் பாத்தா எருமை எங்கிருந்து கொடுக்கும்?"

உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டார்கள். திருஷ்டி இருந்தால் நெடி வராது, இல்லாவிட்டால் நெடி வரும் என்பது கணக்கு. நெடி வந்தால் இருமல் வருமே என்று பயந்து நால்வரும் நூறடி தள்ளிப்போய், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். துளி நெடி இல்லை. அப்படியானால் பயங்கரமான திருஷ்டி.

"படத்துல இருக்கற எருமைக்குத்தான கண்ணு படுது? குழந்தைக்கு வெக்கற மாதிரிக் கன்னத்துல ஒரு கருப்புப் பொட்டு வெச்சுட்டாப் போச்சு" என்றான் சென்னியப்பன். மைச்சிமிழைக் கொண்டுவந்து எருமைக்குப் பெரிய பொட்டாக வைத்தான். நாலு பேரும் தேடினார்கள். பொட்டைக் காணோம்.

"எருமையே கருப்பு. கருப்புல கருப்பு வெச்சா எப்படித் தெரியும்?" என்றான் அத்தப்பன்.

"தெரியாத பொட்டு வெச்சும் ஒண்ணுதான், வெக்காட்டியும் ஒண்ணுதான்" என்றார் காளியண்ணன்.

"அப்பப் பொட்டை மாத்தோணும்."

"பொட்டுன்னாக் கருப்புத்தான். எருமையைத்தான் மாத்தோணும்."

பொங்கலுக்கு வாங்கி மிச்சம் வைத்த சுண்ணாம்பு இருந்தது. எருமைக்கு இரண்டு கை வெள்ளையடித்தார்கள். சுவருக்கு அடிப்பதுபோலக் கீழ்வரிசைக்குக் காவிப் பட்டை அடித்தால் எடுப்பாக இருக்கும் என்றான் பொங்கியண்ணன். எருமை அவனுடையது என்பதால் யாரும் மறுக்கவில்லை. காய்ந்த பிறகு இடது கன்னத்தில் பொட்டு வைத்தார்கள். பளிச்சென்று இருந்தது.

"இன்று எருமை வெள்ளையாக இருந்தது. உங்கள் வீட்டில் என்ன குழம்பு?"

சாயங்காலத்துக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். சுண்ணாம்பு கரைந்துவிடும் என்று குட்டைப் பக்கமே விடாமல் வைத்திருந்த எருமை, அன்று அரை லிட்டரோடு நிறுத்திக்கொண்டது.

எண்பதாயிரம் கண்ணை நினைத்துப் பொங்கியண்ணன் அழுதே விட்டான். "என்ற எருமையை விட்டுருங்க. நாளைக்குப் படமெல்லாம் எடுக்கக்கூடாது."

அந்த நேரம் பார்த்து வாத்தியார் போன் செய்தார். அத்தப்பன் வெண்டைக்காயால் எடுத்தான். "சூப்பருங்க. எப்படி இந்த ஐடியா வந்துச்சு? இதே மாதிரி இன்னொரு நல்ல கூட்டம் வந்துச்சுன்னா நீங்க சொன்ன கிரைண்டர் என்ன, மிக்சியும் வாங்கலாம்" என்றார்.

சென்னியப்பன் நடுவில் மாட்டிக்கொண்டான். ஜனங்கள் பார்த்தால்தான் கிரைண்டர். கிரைண்டர் வந்தால்தான் மயிலாத்தாள். பார்த்தாலோ எருமை போய்விடும். அன்று ராத்திரி அவன் இரண்டு தட்டையும் தொடவில்லை. அவன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக மூளையை எடுத்து வெளியே வைத்தான். நெற்றி சுட்டது. பத்து மணிக்குத் தொழுவத்துக்கு ஓடி வந்தான்.

"பொங்கி, உன்ற எருமைக்கு ஒண்ணும் ஆகாது. பாக்கறவங்க பாக்கட்டும். ஆனாப் பாக்காமப் பாக்கட்டும்."

காளியண்ணன் வெற்றிலை மெல்வதையே நிறுத்திவிட்டார். இவ்வளவு பெரிய யோசனை அந்த ஊரில் அதுவரை யாருக்கும் வந்ததில்லை. மறுநாள் ஏழு மணிக்குப் பதிவு போனது.

"இன்று தயவுசெய்து யாரும் எருமையைப் பார்க்க வேண்டாம். பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கவும். உங்கள் வீட்டில் என்ன குழம்பு?"

ஐந்து லட்சம் பேர் பார்த்தார்கள். பதில்கள் வந்து குவிந்தன. கண்ணை மூடிவிட்டேன், நானும் மூடிவிட்டேன், குடும்பத்தோடு மூடிவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நால்வரும் ஜனங்களின் நல்ல மனதை நினைத்துப் போனைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"கண்ணை மூடிட்டு எப்படிங்ணா எழுதுனாங்க?" என்றான் அத்தப்பன்.

"படிச்சவங்க. பழகியிருப்பாங்க" என்றார் காளியண்ணன்.

சிங்கப்பூர்க்காரர் மட்டும் கண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வத்தக்குழம்பு என்று எழுதியிருந்தார்.

இவர்கள் பதில்களைப் படித்துக்கொண்டிருந்தபோது எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு நேராகக் குட்டையில் போய் இறங்கியது. வயிறு முட்டக் குடித்து, மத்தியானம்வரை ஊறி, பழைய கருப்பாகத் திரும்பி வந்து, சாயங்காலம் மூன்றரை லிட்டர் கறந்தது. ஐந்து லட்சம் பேர் கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

சொன்ன தேதிக்குக் காசு வந்தது. சென்னியப்பன் தாராபுரத்தில் பச்சை நிறக் கிரைண்டர் ஒன்று வாங்கி, குழந்தையை வைத்துக்கொள்வதுபோல மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுவந்தான். அது வாசற்படி தாண்டியதும் மூலனூருக்குப் போன் செய்தான். "வந்துருச்சு மயிலா." அடுத்த பஸ்ஸில் மயிலாத்தாள் வந்து இறங்கினாள். கிரைண்டரைச் சுற்றி வந்து பார்த்தாள், புருசனையும் சுற்றி வந்து பார்த்தாள். "குண்டாயிட்டீங்க" என்றாள். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நாலு படி அரிசியும் ஒரு படி உளுந்தும் ஊறப் போட்டாள். ஊருக்கே இட்லி.

மயிலாத்தாள் விவரமானவள் என்று இதுவரை நினைத்திருந்தீர்களானால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அவள் பிறந்தது மூலனூர் இல்லை. அம்மா பிற்பாடு குடிபோன ஊர் அது. மயிலாத்தாள் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஓலக்காட்டுவலசுதான்.

அரிசி ஊறிக்கொண்டிருந்தபோது காளியண்ணன் மற்ற இருவரோடு வந்தார். முகம் சரியில்லை.

"அஞ்சு லட்சம் பேருல நாலு பேராச்சும் கண்ணைத் தொறந்து பாத்திருப்பாங்களே, அப்புனு?"

"பாத்திருப்பாங்க" என்றான் சென்னியப்பன் மெதுவாக.

"எருமை மேல கண்ணு இல்லை. பால் நல்லாக் கறக்குது. அப்ப அந்தக் கண்ணெல்லாம் எங்க போச்சு?"

பார்த்தவர்களால் வந்தது காசு, காசால் வந்தது கிரைண்டர். எல்லோரும் கிரைண்டரைப் பார்த்தார்கள். அது பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

"புருசன் பொண்டாட்டி இப்பத்தான் சேந்திருக்கீங்க. இதை வீட்டுல வெச்சிருந்தா ஆகாது. சுத்தி முச்சந்தியில உடைச்சரோணும்" என்றார் காளியண்ணன்.

அத்தப்பன் தயாராகப் பூசணிக்காய் கொண்டுவந்திருந்தான். காளியண்ணன் அவனை வருத்தத்தோடு பார்த்தார். "பூசணிக்காய் என்ன பாவம் பண்ணுச்சு? அதை ஒருத்தருமே பாக்கலையே. எது மேல கண்ணு இருக்குதோ அதைத்தான உடைக்கோணும்?"

அத்தப்பன் பூசணிக்காயை முந்தானையில் மூடிப் பத்திரமாக உள்ளே வைக்கச் சொல்லி மயிலாத்தாளிடம் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டு சொன்னாள், "சீக்கிரம் உடைச்சுட்டு வந்துரலாமுங்க. அரிசி ஊறிடுச்சு, மாவாட்டோணும்."

முச்சந்தியில் சென்னியப்பனும் மயிலாத்தாளும் கிழக்கே பார்த்து நின்றார்கள். மற்ற மூவரும் கிரைண்டரைத் தூக்கி அவர்களை மூன்று முறை சுற்றினார்கள். இரண்டாவது சுற்றில் பொங்கியண்ணனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூன்றாவது சுற்று முடிந்ததும் ஒரே போடாகப் போட்டார்கள். பூசணிக்காய் உடைகிற சத்தமெல்லாம் அதன் பக்கத்தில் வர முடியாது. கல் ஒரு பக்கம், மோட்டார் ஒரு பக்கம், பச்சை மூடி சாக்கடையில். ஊரே திருஷ்டி கழிந்ததை உணர்ந்தது. முறைப்படி யாரும் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்து, கால் கழுவி உள்ளே வந்தார்கள்.

மயிலாத்தாள் ஊறிய அரிசியை எடுத்து வந்து கூடத்தில் வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"கிரைண்டர் எங்கீங்க?"

"முச்சந்தியில."

சென்னியப்பனுக்கு இப்போதுதான் உறைத்தது. அவள் பை இன்னும் பிரிக்காமல் கதவோரம் இருந்தது. "மயிலா, நீ மறுபடியும் மூலனூர் போயிருவியா?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நான் எதுக்குப் போறேன்? கிரைண்டர் வீட்டுக்குள்ள வந்தா வர்றேன்னு சொன்னேன். வந்துச்சு, வந்தேன். அது இங்கயே இருக்கோணும்னு நான் சொல்லவே இல்லையே."

சென்னியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு சந்தோஷத்தை நின்றுகொண்டு தாங்க முடியவில்லை.

"ஆனா அரிசி புளிக்குதுங்க" என்றாள் மயிலாத்தாள். "கிரைண்டர் இங்க வராட்டி என்ன, நாம அங்க போய் ஆட்டிக்கலாம்."

"எப்படிப் போறது? திரும்பிப் பாக்கக்கூடாதே" என்றான் அத்தப்பன்.

காளியண்ணன் கடைசி வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் மென்றார். "மூஞ்சி வீட்டைப் பாத்தபடியே இருக்கட்டும். காலு மட்டும் போகட்டும்" என்றார்.

சென்னியப்பன் அரிசிக் குண்டாவைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான். மயிலாத்தாள் உளுந்தை இடுப்பில் எடுத்துக்கொண்டாள். இருவரும் வீட்டைப் பார்த்தபடி, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே முச்சந்தியை நோக்கி நடந்தார்கள். அத்தப்பன் ஒரு பிஞ்சு வெண்டைக்காயை எடுத்துப் படம் பிடித்தான். அன்றைய பதிவு மட்டும் ஏழு மணிக்கு இல்லாமல் அப்போதே போனது.

"இன்று எருமை படுத்திருந்தது. படத்தில் இருப்பவர்கள் போகிறார்களா, வருகிறார்களா?"

நாடெங்கும் ஜனங்கள் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். முதல் பதில் சிங்கப்பூரிலிருந்து வந்தது.

"எங்கள் வீட்டில் வத்தக்குழம்பு."